பிஸ்கட்டுக்கு நடந்த பாடம்

“காலையிலேர்ந்து பாக்குறேன், டெஸ்மண்ட். உங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மார்லீன் உங்க பக்கம் திரும்பவே இல்லையே?” என்றார், நகரத்திலிருந்து ஆய்வுக்கு வந்த பெண் அதிகாரி ப்ரூக்.

ஊர் மன்றத்தின் புதுச் செயலாளர் டெஸ்மண்ட் தலையைக் குனிந்துகொண்டான். ப்ரூக் ‘தேறவில்லை’ என்று எழுதிவிட்டால், மன்றத்தை நடத்த அரசாங்கம் வெளியாளை அனுப்பிவிடும்.

அடுத்த அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மார்லீன், காலடியில் படுத்திருந்த நாயிடம் உரக்கப் பேசினார். “பிஸ்கட், ஏழு பேர் வந்தாத்தான் தீர்மானம் செல்லும். வந்தவங்க பேரையெல்லாம் அறிக்கையில போட்டியாடா?”

டெஸ்மண்ட் அவசரமாக எதையோ எழுதினான்.

“நாய்கிட்ட பேசுறவங்க உங்ககிட்ட பேச மாட்டாங்களா? சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்லீங்க.”

“அப்போ ரெண்டு பேரும் ஒரே மேஜைக்கு வாங்க. சேந்து வேலை செய்யறத நான் பாக்கணும்.”

டெஸ்மண்டின் பார்வை ஜன்னல் பக்கம் போனது. நல்லவேளை, அவன் மனைவி லொரேய்ன் சாப்பாட்டோடு உள்ளே வந்தாள்.

“ஐயோ மேடம், இவர் ஜன்னல் வழியா குதிச்சு ஓடிடுவார்! அவங்க எங்கம்மா. எங்க ஜனங்கள்ல மாமியாரும் மருமகனும் முகம் பாத்துப் பேசக் கூடாது. அதான் மரியாதை. ஒரு வருஷமா அம்மா நாய்க்குப் பாடம் நடத்துறாங்க, இவர் கேட்டுக்கிறார்.”

ப்ரூக் டெஸ்மண்டின் அறிக்கையைப் புரட்டினார். எழுதியதெல்லாம் சரியாக இருந்தது. சிரித்துக்கொண்டே ‘தேர்ச்சி’ என்று எழுதினார்.

டெஸ்மண்ட் அப்போதுதான் மூச்சு விட்டான்.

அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. “பிஸ்கட், கடைசிப் பக்கத்துல கையெழுத்து போட எப்பவும் போல மறந்திருப்ப. மத்தபடி நல்லாத்தான் செஞ்சிருக்கடா.”

நாய் வாலை ஆட்டியது. டெஸ்மண்ட், முகமெல்லாம் சிரிப்பாக, பேனாவை எடுத்தான்.