ஒரு மணி நேரச் சோதனை

ஒன்பதாவது ட்யூபையும் கை கழுவும் தொட்டியில் கவிழ்த்தான். ரத்தம் சல்லடையைச் சுற்றிப் பிசுபிசுவென்று நின்று, இறங்க மறுத்தது.

இ.எஸ்.ஆர். சோதனை. சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாக அடியில் இறங்குகின்றன என்று பார்க்க, ரத்தத்தை நெட்டைக் குழலில் ஏற்றி ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும். அவன் வேலை செய்யும் லேபில் அந்தக் குழல்களில் தூசி படிந்து மாதக்கணக்காகிறது.

"எழுதிட்டியா தம்பி?" பல் குத்தியபடி வந்தார் முதலாளி.

"எதைப் பாத்து எழுதறது சார்?"

"பத்து, பன்னெண்டு, பதினாலுன்னு மாத்தி மாத்திப் போடு. நார்மல்னு சொன்னதுக்குச் சண்டைக்கு வந்தவன் எவனாவது உண்டா?"

வெளியிலிருந்து பெட்டியில் வந்த ட்யூப்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். ஒன்பதாவதின் ஸ்டிக்கர் ஈரத்தில் உரிந்து அவன் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. முப்பத்தேழு. சுண்டி எறிந்துவிட்டு, பன்னிரண்டு என்று எழுதினான்.

இந்த மாதத்தோடு வேலையை விடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தான். அவளுக்கு மூன்று வாரமாக விடாத காய்ச்சல், மூட்டெல்லாம் வீக்கம். "இ.எஸ்.ஆர். ஏறியிருந்தா இன்னிக்கே அட்மிட் பண்ணணும். விட்டா இதயத்துல கை வச்சிடும்" என்றிருந்தார் டாக்டர்.

"உங்க லேப்லயே குடுத்துடவாங்க? நடக்க முடியல."

"அந்தப் படிய மிதிக்காத. ரெண்டு பஸ் மாறினாலும் பரவால்ல, பெரிய லேபுக்கே போவோம்."

காலையில் கைத்தாங்கலாக அழைத்துப் போய் ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தான்.

மாலையில் இருவரும் பெரிய லேபின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்கள். மூன்று முறை சோப்புப் போட்ட கையை மோந்து பார்த்தான். வாடை போகவில்லை. அந்தக் கையால்தான் ரசீதை நீட்டினான்.

கவுன்ட்டர் பெண் தாளை உருவினாள். "நார்மல்தான் சார். இ.எஸ்.ஆர். பன்னெண்டு."

"அப்பாடா," மனைவி அவன் தோளில் சாய்ந்தாள். "ஆஸ்பத்திரி வேணாம்ல?"

அவனுக்கும் மூச்சு வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரு மணி நேரம் நிறுத்தி வச்சுப் பாத்தீங்கல்ல?"

"அந்த டெஸ்ட் மட்டும் வெளில அனுப்பி வாங்குறோம் சார்." அவள் ரசீதைத் திருப்பிப் பார்த்தாள். "உங்க நம்பர் முப்பத்தேழுதானே?"