கூட்டம் கூடிய மரபணு

வெள்ளவத்தையில் எங்கள் அறை. மேசையின் கடற்பக்கம் நான், கணினியோடு. எதிரே என்னோடு படித்த ஐறீன், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்தவள். மூன்றாவது கதிரை இல்லாததால் அம்மா கட்டில் விளிம்பில், மடியில் கட்லட் தட்டு.

வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் ஆராய்ச்சி மாணவருக்கு ஒரேயோர் இடம். விண்ணப்பிக்கிறவர்கள் ஆய்வுகூடம் தந்த தரவைக் கணித்து, விடையைக் கடிதத்தில் அனுப்ப வேண்டும். அன்றைய தபாலை விட்டால் கடைசி நாள் தப்பிவிடும்.

இடம்விட்டு இடம் துள்ளும் டி.என்.ஏ. துண்டொன்றை எலிகளின் மரபணுக்களுக்குள் விட்டு, வந்த புற்றுக்கட்டிகளில் அது எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று குறித்த தரவு. பல கட்டிகளில் ஒரே மரபணுவில் விழுந்திருந்தால், நோயைத் தூண்டியது அந்த மரபணுவாயிருக்கலாம்.

என் நிரல் ஒரு மரபணுவை முதலாவதாகத் தூக்கிக் காட்டியது. அதில் அவ்வளவு கூட்டம்.

புற்றுநோயின் வேரை மகள் பிடித்துவிட்டாள் என்று அம்மா மேல்வீட்டுக்கும் சொல்லியாயிற்று.

ஐறீன் கட்லட்டைக் கடித்தபடி திரையைப் பார்த்தாள். அந்தத் துண்டு முதலில் எங்கேயிருந்து துள்ளியது என்று கேட்டாள்.

காட்டினேன். கூட்டத்துக்குப் பக்கத்திலேயே.

சிரித்துவிட்டாள்.

“நிரோ, நீயும் பொலிஸ் மாதிரியெல்லே கணக்குப் பார்க்கிறாய். வெள்ளவத்தையில தமிழ் ஆக்கள் கூடினால் சதியே? வவுனியா பஸ்ஸால இறங்கினவை பக்கத்திலதானே அறை எடுப்பினம்.”

அன்று காலைதான் காலி வீதியில் பொலிஸார் என்னை மறித்து அடையாள அட்டை கேட்டிருந்தார்கள். துள்ளும் துண்டும் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயேதான் கூடுதலாக விழும். அதே பிழையை நான் எலியில் செய்திருக்கிறேன்.

துண்டு புறப்பட்ட இடத்தின் அயலைக் கழித்துவிட்டு நிரலை மறுபடி ஓட்டினேன். முதலாவது காணாமற்போனது. எங்கோ தொலைவில் கிடந்த சின்ன மரபணு ஒன்று மேலே வந்து நின்றது.

மேல்வீட்டுக்குத் திருத்தம் சொல்லத் தேவையில்லை என்றார் அம்மா. முதல் மரபணுவின் பெயரையே பிழையாகத்தான் சொல்லியிருந்தாராம்.

கடிதத்தைத் திருப்பி எழுதினேன். பிழையைக் கண்டுபிடித்தவள் ஐறீன் என்று பெயரோடு ஒரு வரி சேர்த்தேன். அவளுக்குக் காட்டவில்லை.

தபாற்கந்தோரில் பாதுகாப்புக்காக உள்ளே சோதித்த பிறகுதான் உறையை ஒட்டலாம். திறந்தபடி நீட்டினேன். ஐறீனும் தன் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

இரண்டும் ஒரே விலாசம், ஒன்றாய்ப் போட்டால் முத்திரை மிச்சம் என்று எழுதுவினைஞர் சிங்களத்தில் சொன்னார்.

அந்த ஒரேயோர் இடத்துக்கு அவளுமா என்று ஐறீனைப் பார்த்தேன்.

“இடமும் ஒண்டு, உறையும் ஒண்டு. பசையை எடு,” என்றாள்.

என் உறைதான் பெரிது. அவளுடைய கடிதத்தை என்னுடையதற்கு மேலே வைத்து, ஒட்டிக் கொடுத்தேன்.