பதின்மூன்று நாள்

வந்தவர் எழுதி முடித்துப் பேனாவை வைத்தார். விடுதிக்காரர் போர்ஃபிரி இலிச் வருகைச் சீட்டைத் தன் பக்கம் திருப்பினார்.

பெயர்: குஸ்மா லோபனோவ். ஊர்: கொஸ்த்ரோமா. தொழில்: துணி வியாபாரம். தேதி: ஜனவரி 3, 1939.

தேதியை மட்டும் மறுபடி படித்தார்.

சுவரில், பேரரசரின் படத்துக்குக் கீழே தொங்கிய நாள்காட்டியில் டிசம்பர் 21, 1938. முந்தைய நாள் தாளைக் காலையில் அவரேதான் கிழித்திருந்தார்.

நான்கு அடி தள்ளி, கணப்புக்குப் பக்கத்தில், காவலர் நிகனோர் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஸ்மொலேன்ஸ்க் நகரத்து விடுதிகளில் அன்றன்று இறங்கியவர்களின் சீட்டுகளை வாங்கிப் போவது அவர் வேலை. விருந்தாளி சொந்தக் கையால் எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம்.

எல்லைக்கு அப்பால் புத்தாண்டு பிறந்து மூன்று நாளாகிவிட்டது. ரஷ்யா மட்டும் பழைய நாள்காட்டிக் கணக்கை விடாமல் பதின்மூன்று நாள் பின்னால் நடக்கிறது. இங்கேயே இருப்பவன் கை இந்தத் தேதியை எழுதாது. அங்கே பல வருடம் வாழ்ந்த கைதான், யோசிக்காமல், எழுதும்.

பதினேழாம் ஆண்டு அக்டோபரில் தலைநகரில் எழுந்த செங்கொடிக் கலகம் மூன்றே நாளில் அடங்கிப்போனது. தப்பியவர்கள் ஜெனீவாவிலும் பாரிஸிலும் இன்னமும் பத்திரிகை அச்சிடுகிறார்கள். எப்போதாவது ஒருவர் பொய்ப் பாஸ்போர்ட்டோடு திரும்புவார்.

பிடிபட்டால் தூக்கு. தெரிந்தே இடம் கொடுத்த விடுதிக்காரனுக்குச் சைபீரியா.

மாடியில் மனைவி படுக்கை விரிப்புகளை உதறும் சத்தம் கேட்டது.

வந்தவர் மற்ற எதையும் தவறவிடவில்லை. வாசலிலேயே காலணியின் பனியைத் தட்டினார். மூலையில் இருந்த புனிதர் படத்தைப் பார்த்து மூன்று விரல் சேர்த்துச் சிலுவையிட்டார். கிறிஸ்துமஸ் நோன்பு என்று இறைச்சி வேண்டாம், கோஸ் சூப் போதும் என்றார். எல்லாம் ஒத்திகை பார்த்த மாதிரி சுத்தம்.

"என்ன போர்ஃபிரி இலிச், ஒரு சீட்டுக்கு இவ்வளவு நேரமா? கவிதை கிவிதை எழுதிட்டாரா வியாபாரி?" என்றார் நிகனோர்.

போர்ஃபிரி சிரிக்க முயன்றார். வாய் கோணியதே தவிரச் சத்தம் வரவில்லை.

அவர் பார்வை போன திசையில் லோபனோவும் திரும்பினார். நாள்காட்டியைக் கண்டார். பிறகு சீட்டை. காதிலிருந்து கழுத்து வரை வெளுத்துப்போவது கண்ணுக்குத் தெரிந்தது.

ஓட முடியாது. கதவுக்கும் அவருக்கும் நடுவில் நிகனோரின் நாற்காலி.

கோப்பை தட்டில் வைக்கப்படும் ஓசை. நாற்காலி பின்னால் தள்ளப்படும் ஓசை. ஈரக் காலணிகள் பலகைத் தரையில் ஒன்று, இரண்டு, மூன்று.

"கொடுங்க, கிளம்பறேன். வெளியே பனி கொட்டுது." நிகனோர் கையை நீட்டினார்.

மைக்கூடு கவிழ்ந்தது.

கறுப்பு மை சீட்டின் மேல் பாய்ந்து, தேதியை விழுங்கி, மேஜை விளிம்பு வரை ஓடியது.

"கையைக் காலை வச்சுக்கிட்டுச் சும்மா நிக்க மாட்டீங்களா ஐயா!" போர்ஃபிரி விருந்தாளியைப் பார்த்துக் கத்தினார். தன் குரல் இவ்வளவு உயரும் என்று அவருக்கே தெரியாது. "கொஸ்த்ரோமாவுல மேஜையே பாத்ததில்லையா?"

"மன்னிக்கணும்... மன்னிக்கணும்" என்றார் லோபனோவ். மேஜையை அவர் தொடக்கூட இல்லை.

புதுச் சீட்டு. கூட்டின் அடியில் மிஞ்சிய மை. லோபனோவ் இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். டிசம்பர் 21, 1938. எட்டைப் போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்தது.

நிகனோர் அதை ஊதிக் காயவைத்துத் தோல்பையில் போட்டார். தொப்பியை மாட்டினார். போகாமல் மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த மேஜைக்கு மை குடிக்கிற வியாதி. உங்களுக்கு முன்னாடி கிழவர் தெரேந்தி விடுதி நடத்தினப்பவும் ஒரு தடவை குடிச்சுது. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு."

பிறகு போனார். கதவு மூடியது.

"ஏன்?" லோபனோவின் குரல் காற்றாகத்தான் வந்தது.

போர்ஃபிரி ஏழாம் எண் சாவியை எடுத்து வைத்தார். "விடியற்காலை ரயில்ல போயிடுங்க. மறுபடி இந்தப் பக்கம் வராதீங்க."

லோபனோவ் படியேறியதும், நனைந்த சீட்டைக் கணப்பில் போட்டு, அது சாம்பலாகும் வரை நின்று பார்த்தார். பிறகு துணியால் மேஜையைத் துடைத்தார். மை மரத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது.

ஓரத்தில் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் வெண்கல மணியை எடுத்தார்.

அதன் அடியில் பழைய கறை. உள்ளங்கை அகலம். பதினான்கு வருடத்தில் பழுப்பேறியிருந்தது.

அன்று மைக்கூட்டைத் தட்டிவிட்டது தெரேந்தியின் கை. மேஜைக்கு அந்தப் பக்கம், பாரிஸிலிருந்து வந்த களைப்போடு, இன்னொருவன் பாஸ்போர்ட்டில் இருந்த போர்ஃபிரி இலிச் என்ற பெயரை எழுதிவிட்டு நின்றவர் இவர்தான். இவரும் பதின்மூன்று நாள் கூட்டித்தான் எழுதியிருந்தார்.

மணியைப் புதுக் கறையின் மேல் வைத்துப் பார்த்தார். பழையது தெரிந்தது.

பழையதன் மேல் வைத்தார். புதியது தெரிந்தது.

நாளை இதே நேரத்துக்கு நிகனோர் வருவார்.