ஆடிச் சலுகை, இன்றே கடைசி

“எங்கப்பனைச் சாகடிச்சவன் எவன்டா? வெளியே வாடா!”

அருள்குமார் போட்ட சத்தத்தில் பாப்பாரப்பட்டி கடைவீதியே திரும்பிப் பார்த்தது. எதிர் டீக்கடையில் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு நாலு பேர் ஓடி வந்தார்கள்.

செத்ததாகச் சொல்லப்பட்ட நஞ்சப்பன் மகனுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். கடையின் ஷட்டர் முழுசாக ஏறவில்லை. மகன் நிமிர்ந்தபடி நுழைந்த வாசலில் அவர் குனிந்து நுழைந்தார்.

அது சாவு வீட்டுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடை. சுவரோரம் ஃப்ரீசர் பாக்ஸ்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார் முதலாளி மாதவராஜ். எப்படித்தான் இறங்குகிறதோ!

“என்ன சார், என்ன விசயம்?”

அருள்குமார் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். “படிய்யா. நீ அனுப்புன கருமத்த நீயே படி.”

மாதவராஜ் படிக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த டீக்கடை காளியப்பன்தான் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார்.

“‘அன்புடையீர், உங்கள் இல்லத்தின் இறுதிப் பயணத்துக்கு ஏழடி ஃப்ரீசர் பாக்ஸ் தயார். பந்தல், நாற்காலி, சங்கு இலவசம். ஆடிச் சலுகை, இன்றே கடைசி!’ தூ! பொடவைக்குத் தள்ளுபடி குடுத்தாங்க, சரி. பொணத்துக்குமாய்யா?”

“இன்னிக்கே கடைசியாம். அதுக்குள்ள நான் சாவணுமாம்” என்றார் நஞ்சப்பன். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் மூச்சுத்திணறலில் ஆஸ்பத்திரியில் கிடந்த மனுஷன் அவர். வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று டாக்டரே கையை விரித்துவிட்டார். ஆனால் பிழைத்து எழுந்து, இப்போது களியும் கோழிக்குழம்பும் கேட்டு வாங்கித் தின்கிறார். காலையில் மகன் குளிக்கப் போன நேரம், அவன் போனில் பேத்திக்குப் பொம்மைப் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த மெசேஜ் அவர் கண்ணில் பட்டது.

அதிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “நம்ம வூட்டு நம்பர இவனுக்கு யாரு குடுத்தது? நான் செத்தாச்சுன்னு முடிவு பண்ணது யாருன்னு தெரியாம அந்த வூட்டுச் சோறு எனக்கு எறங்காது” என்று கிளம்பிவிட்டார்.

மருமகள் அன்பரசி, “சத்தியமா நான் இல்லீங்க மாமா” என்று அழுதாள். அவர் நம்பவில்லை. அருள்குமார் பக்கத்தில் நின்று பொண்டாட்டியை முறைத்துக்கொண்டிருந்தான்.

மாதவராஜ் இப்போது அருள்குமாரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் பெரியவரிடம் கை கூப்பினார். “ஐயா, மன்னிச்சுக்குங்க. கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனத் தட்டுனா ஊருக்கே போவுதுங்க. உங்க வூட்டுக்குன்னு தனியா யாரும் அனுப்பல.”

“ஆமா, எனக்குந்தான் வந்து தொலைச்சது” என்று காளியப்பன் தன் போனை எடுத்துக் காட்டினார். “மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தக் கெளம்புற நேரத்துல, ‘ஆறடி ஃப்ரீசர் பாக்ஸ் தயார்’னு. எம் பொண்டாட்டி போனத் தூக்கி வீசப் பாத்தா. மனுசனுங்களாய்யா நீங்கெல்லாம்?”

நஞ்சப்பன் அந்த போனை வாங்கிப் பார்த்தார். இரண்டு தரம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“பாத்தீங்களாப்பா? ஊருக்கே வந்திருக்கு. நம்ம வூட்ல யாரும் நம்பர் குடுக்கல” என்றான் அருள்குமார். பிறகு மாதவராஜ் பக்கம் திரும்பி, “இன்னொரு தடவ அனுப்பிப் பாரு, கடையவே கொளுத்திடுவேன். எங்கப்பா நூறு வயசு இருப்பாருடா!” என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எட்டி உதைத்தான்.

“பெத்தா இப்படி ஒரு புள்ளையப் பெக்கணும்” என்று கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள். இரண்டு மூன்று தலைகள் ஆமாம் போட்டன.

நஞ்சப்பன் சுவரோரம் நின்ற பெட்டி ஒன்றைக் கையால் தட்டினார். “இருக்கறதுலயே பெருசு இதானுங்களா?”

வியாபாரப் பேச்சு என்றதும் மாதவராஜுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. “எல்லாமே ஆறடிதானுங்க. அதுக்கு மேல வேணும்னா ஆளு உயரத்தச் சொல்லிட்டுப் போகணும். சேலத்துல இருந்து வரவழைச்சு...”

சட்டென்று நிறுத்திக்கொண்டு, தட்டில் இருந்த மீதி இட்லியைப் பார்த்தார்.

அருள்குமார் அதற்குள் வெளியே போய் வண்டியை உதைத்துவிட்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. “ஏறுங்கப்பா. அன்பரசி களி கிண்டி வெச்சிருப்பா, போயி நிம்மதியா சாப்பிடலாம்.”

நஞ்சப்பன் ஏறவில்லை. ஷட்டருக்குக் குனிந்து வெளியே வந்தவர், வண்டிக்குப் பக்கத்தில் முழு உயரத்துக்கும் நிமிர்ந்து நின்றார்.

“என் உயரத்த அவங்கிட்டச் சரியாத்தான் சொல்லியிருக்க, சாமி.”