ஒரு குழாய் மிச்சம்

“அந்த ஒண்ணை மட்டும் ஏன் விட்டீங்க?”

சமையலறைத் தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்த வீட்டுக்காரிக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

வீடு முழுக்க இருந்த செம்புக் குழாய்களை உருவிவிட்டு, வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக் பைப் போட்டாகிவிட்டது. மூலையில் மட்டும் பழைய செம்புக் குழாய் ஒன்று, களிம்பேறிப் பச்சையாக, சுவரோடு ஒட்டி மாடி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிளம்பர் கையைத் துடைத்துக்கொண்டார். “அதை அசைச்சா மேல்தளம் பேந்துடும்மா. தண்ணியை அடைச்சாச்சு. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“எதை எடுக்கணுமோ அதை விட்டுட்டு மத்ததெல்லாம் எடுத்திருக்கீங்க!”

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. மாடியில் தனியாக இருப்பவர் தினமும் காலை ஆறு மணிக்கு அந்தக் குழாயைத் தட்டுவார். டங், டங். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டங், டங். மொத்தம் நாலு.

கணவன் அதற்குள் எழுந்து சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருப்பான். அவனுக்கு எந்தச் சத்தமும் உறைக்காது என்று அவள் நினைப்பு. இவள்தான் போர்வைக்குள் கிடந்து எண்ணி எண்ணி எரிச்சலாவாள். குழாய் மாற்றியே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றதற்கு, ஊசித் துளையில் கசிந்த தண்ணீர் பாதிக் காரணம். இந்த டங் டங் மீதிப் பாதி.

“ஏங்க, நீங்களாவது கேளுங்களேன்!”

கணவனுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. பிளம்பர் பின்னாலேயே அலைந்தான். மாடிக்கு ஓடினான், இறங்கி வந்தான், மறுபடி ஓடினான். சாயங்கால பஸ்ஸில் வெளியூர் போகவேண்டும், மெஷின் பூட்டும் வேலை, நாலு நாள். பெட்டியில் ஒரு சட்டைகூட மடித்து வைத்தபாடில்லை.

“பரவாயில்லை, விடும்மா” என்றான்.

“எதை விடறது? இந்த அரைகுறை வேலையையா?”

பிளம்பருக்கு வாய்க்கு வந்தபடி திட்டு விழுந்தது. அவர் கணவனை ஒரு பார்வை பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“இந்தா, ஒண்ணு சொல்லணும்...” என்று கணவன் இழுத்தான்.

“செம்புதான் உடம்புக்கு நல்லதுன்னு ஆரம்பிக்காதீங்க.”

“அதில்ல, மாடிக்காரர்...”

“அந்த மனுஷனுக்குப் பரிஞ்சு பேசறதா இருந்தா பேசவே வேண்டாம்!”

மாடிக்காரர் பேச்சே அவளுக்கு வேப்பங்காய். போன வருஷம் கொடியில் துணி காயப்போட்ட விவகாரத்தில் தொடங்கிய சண்டை. இன்றுவரை இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை.

சாயங்காலம் பெட்டியோடு கணவன் வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். செருப்பை மாட்டிக்கொண்டே வாயெடுத்தான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று ராத்திரி அவன் போன் பண்ணியபோதும் எடுக்கவில்லை. சத்தத்தை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் காலை ஆறு மணி.

டங், டங்.

இன்னும் ரெண்டு பாக்கி என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. அப்பாடா என்று புரண்டு படுத்தாள்.

டங், டங்!

இந்த முறை வேகமாக. கொஞ்சம் நின்றது. பிறகு டங், டங், டங், டங் என்று கணக்கில்லாமல் அடித்தது.

‘இன்னைக்கு இருக்கு அவருக்கு!’

கொண்டையை முடிந்துகொண்டு மாடிப்படியை நோக்கிப் பாய்ந்தாள். மேஜைமேல் போன் துடித்துக்கொண்டிருந்தது. கணவன்.

“மேல சத்தம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சாவா? உயிரை வாங்கறார்!”

“அப்பாடா, எழுந்துட்டார்.” அவன் பெருமூச்சு விட்டது கேட்டது.

“என்ன உளர்றீங்க?”

“அவருக்கு ரெண்டு தடவை நெஞ்சுவலி வந்திருக்கு. தனி ஆள். காதும் மந்தம், போன் அடிச்சா கேக்காது. காலையில குழாயைத் தட்டினா நல்லாயிருக்கார்னு அர்த்தம். பிளாஸ்டிக்ல அந்த அதிர்வு போகாது. அதான் அந்த ஒரு குழாயை விட்டுடச் சொன்னேன். பாவம் பிளம்பர், என்னைக் காட்டிக்கொடுக்காம உன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டார்.”

“என்கிட்ட சொன்னா என்ன?”

“சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார். சண்டை போட்ட வீட்டுல பாவம் பார்க்க வேண்டாமாம். நான் இல்லாத நாலு நாள் நீ பார்த்துக்குவேன்னு நேத்துதான் சம்மதிக்க வெச்சேன்.”

மேலே குழாய் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. அவள் குரல் இறங்கியது.

“அதான் தட்டிட்டாரே. தினமும் நாலோட நிறுத்திடுவாரே, இன்னைக்கு ஏங்க நிறுத்த மாட்டேங்கறார்?”

“அவர் தட்டறது ரெண்டுதாம்மா. மத்த ரெண்டு, கீழேயிருந்து நான் தட்டற பதில். குழாய்மேல உள்ளங்கையை வெச்சுக் காத்திருப்பார். தொட்டிக்குக் கீழ கரண்டி இருக்கு, சீக்கிரம் தட்டு. உனக்கு என்ன ஆச்சோன்னு அவர் பதறிக்கிட்டிருக்கார்!”