வலப்பக்கத்து ஆறு குழிகள்

விளக்குப் பலகையின்மேல் பன்னிரண்டு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு ஒளிர்கிறது. ஜன்னலுக்கு வெளியே அமெரிக்காவின் டுலூத் துறைமுகத்தில் பனி கொட்டுகிறது. வெங்காயத்தோலில் எடுத்த ஃபிளேவனாய்டு என்ற தாவரச் சத்தைக் குடித்து வளர்ந்த ஸ்டெம் செல்கள், இடப்பக்கத்து ஆறு குழிகளில் எலும்பாக இறுகி, ஊற்றிய சாயத்தைப் பிடித்துக்கொண்டு மாதுளைபோல் சிவந்திருக்கின்றன. அதைக் குடிக்காத வலப்பக்கத்து ஆறும் வெளிறிக் கிடக்கின்றன. நன்றி நாள் விருந்துக்குக்கூட வீட்டுக்குப் போகாமல், இருபத்தொரு நாள் இவற்றுக்குத் தீனி மாற்றிய ஆய்வு மாணவி ஆஸ்ட்ரிட்டுக்குக் கண் நிறைகிறது. பக்கத்து மேசை பீட் முதலில் கைதட்டுகிறான், மற்றவர்களும் தட்டுகிறார்கள். ஆய்வகத் தலைவர் லிண்ட்குவிஸ்ட் மட்டும் காபியை உறிஞ்சுகிறார். “ஃபிளேவனாய்டை எதுல கரைச்ச?” “ஆல்கஹால்ல, டாக்டர்.” “வலப்பக்கத்துக்கும் அதே ஆல்கஹாலை விட்டியா?” கைதட்டல் நின்றுபோகிறது. “இல்ல…” “அப்போ எலும்பை வளர்த்தது வெங்காயமா, சாராயமா? எப்படிச் சொல்லுவ?” யாரோ மூக்கால் சிரிக்கிறார்கள். ஆஸ்ட்ரிட்டின் விரல்கள் தட்டின் விளிம்பைத் தடவியபடியே இருக்கின்றன. “இந்தத் தப்பை முதல் நாளே உன் நோட்டுல பார்த்துட்டேன்,” என்கிறார் அவர், மிக மென்மையாக. “அன்னிக்கே சொல்லியிருந்தா மறந்துடுவ. தட்டைத் தூக்கிப் பிடி, படம் எடுத்துப் புதுசா வர்றவங்களுக்குக் காட்டணும்.” அவள் தூக்கிப் பிடிக்கிறாள். அந்தச் சிவப்பு அவள் கன்னத்தில் விழுகிறது. படத்தில் தானும் விழுந்துவிடாதபடி பீட் ஓரடி ஒதுங்கிக்கொள்கிறான். லிண்ட்குவிஸ்ட் செல்போனை உயர்த்துகிறார். “கொஞ்சம் சிரியேன்.”