ஒரே பானைச் சோறு

வெள்ளைக்கார டாக்டர் பாக்கியசாமியின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

கட்டிலோரம் நின்ற மனைவி அமலம்மாள் அதைப் பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெலுத்தோங் வீட்டிலிருந்து துறைமுகம் வரை வீசி நடந்த கால். இப்போது கொல்லைக்குப் போகவும் இவள் தோள் வேண்டியிருக்கிறது.

பார்க்காத வைத்தியமில்லை. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயிலில் மெழுகுக் கால் வைப்பதாக நேர்ந்தும் ஆயிற்று.

சாப்பாட்டிலாவது குறை வைத்தாளா? கப்பல் கம்பெனியில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே பெரிய கிராணியான அன்றே அவர் சொல்லிவிட்டார், புழுங்கலரிசி கூலி ஆட்கள் தின்பது, அந்த வாடையே வீட்டுக்குள் வரக்கூடாது என்று. அன்றிலிருந்து ஆலையில் தீட்டித் தீட்டிப் பளபளக்கும் சயாம் வெள்ளரிசிதான். அதையும் நாலு தண்ணீர் கழுவித்தான் உலையில் போடுவாள். கழுநீர் குடித்த வாழை மட்டும் கொல்லையில் தளதளவென்று நின்றது.

டாக்டர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பாக்கியசாமிதான் அவளுக்குத் தமிழில் சொன்னார்.

“நான் சாப்பிடற சோறுதானே நீயும் சாப்பிடறன்னு துரை கேக்குறாரு.”

படுக்கையில் கிடந்தாலும் பெரிய கிராணியின் பார்வை பெரிய கிராணியின் பார்வைதான்.

“ஒரே பானைச் சோறுதாங்க.”

டாக்டரின் முகம் வாடிவிட்டது. தீட்டும்போது தவிட்டோடு ஏதோ சத்து போய்விடுகிறது, புழுங்கல் தின்கிறவர்களுக்கு இந்த நோய் காணோம் என்று அவருக்கு வெகுநாளாகச் சந்தேகம். ஆனால் அதே சோறு தின்னும் இந்த அம்மாள் கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறாளே, அரிசியை எப்படிக் குறை சொல்வது என்று நெடுநேரம் பேசினார்.

பாக்கியசாமி அத்தனையையும் அவளிடம் சொல்லவில்லை. அரிசியில் குற்றமில்லையாம் என்று மட்டும், தான் ஜெயித்தது போலச் சொன்னார். மிச்சத்தையும் சொல்லியிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

டாக்டர் போனதும் வெள்ளைச் சோற்றைக் குழையப் பிசைந்து அவருக்கு ஊட்டினாள். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

பிறகு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, விறகுக்குப் பின்னாலிருந்து சின்னச் சட்டியை எடுத்தாள். கமாலுதீன் கடையில் அவருக்குத் தெரியாமல் வாங்கும் புழுங்கலரிசிக் கஞ்சி. அது உள்ளே போகாமல் அவளுக்கு ஒருநாளும் பசி அடங்கியதில்லை.

முதல் வாயிலேயே அழுகை வந்துவிட்டது. ராஜ சோறு தின்கிறவரைப் படுக்கையில் போட்டுவிட்டு, திருட்டுக் கஞ்சி குடிக்கிற என் காலை ஏன் தாயே திடமாக வைத்தாய் என்று அன்னம்மாளைக் கேட்டாள்.

கேட்டவளுக்குப் பதிலும் தானாகவே தோன்றியது. புருஷனிடம் சொன்ன பொய்தான் பாவம், அதுதான் அவர் காலைப் பிடித்திருக்கிறது.

இனி ஒரே பானை என்று நேர்ந்துகொண்டு, மிச்சக் கஞ்சியைக் கொண்டுபோய் வாழைக்கு ஊற்றினாள்.